வியாதியும் விதியும் வைத்தியரும்

நாற்பது வயதில் இடுப்பு பிடித்து, ஐம்பதில் கழுத்து திரும்பாமல் போய், அறுபதில் கோலூன்றிக் கூனி நடப்பதைத் தலையெழுத்து என்று சொல்லிக் காலந்தள்ளுகின்ற ஜனங்கள் சிங்காரப்பேட்டைப் பக்கத்திலும், பொதுவாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களிலும் இருக்கின்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே வியாதி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஜில்லாக்களில் பல கிராமங்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மேல் இருக்கின்றது என்பது சர்க்காரே ஒப்புக்கொண்ட விஷயமாகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்கத்தக்க தண்ணீரல்ல. பாறையிலிருந்து கரைந்து வரும் அவ்வுப்பு குழந்தைப் பருவத்தில் பல்லைக் கறையாக்கி, பிறகு வருஷக்கணக்காக எலும்பில் சேர்ந்து, கடைசியில் மூட்டுகளைக் கட்டிப் போட்டு விடுகின்றது. காய்ச்சிக் குடித்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற உப்பு கெட்டிப்படுமே தவிரக் குறையாது.

இதைப் பூர்வஜென்ம பாவம் என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். பாவம் செய்தவர்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் ஒரே தெருவில் வந்து பிறந்தார்களா? அடுத்த ஊரில் ஏரித் தண்ணீர் குடிப்பவர்களெல்லாம் புண்ணியவான்களா?

விதிக்காரர்கள் போகட்டும். படித்த வைத்தியர்களின் யோக்கியதைதான் என்ன? சென்னை மாகாணத்தில் இந்நோய் இருப்பதை ஷார்ட் முதலிய டாக்டர்கள் 1937-லேயே எழுதி வைத்து விட்டார்கள். அப்படியிருந்தும் இன்று வலியென்று போகிறவனை, "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்கின்ற வைத்தியர் எத்தனை பேர்? நிற்க வைத்தே, "வயசாச்சு, வாதம், போ" என்று இரண்டு நிமிஷத்தில் வலி மாத்திரை எழுதித் தள்ளுவதுதான் பல இடங்களில் வழக்கம். அம்மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் புளோரைடு வெளியேறுவது குறைந்து, எலும்பில் இன்னும் அதிகமாகச் சேரும். வலிக்குக் கொடுத்த மருந்தே வலியை வளர்க்கின்ற இந்த விந்தையை நோயாளிக்கு யார் சொல்வது?

கூட்டம் அதிகம், டாக்டர் ஒருவர் என்கிற சமாதானத்தில் நியாயமில்லாமல் இல்லை. முற்றிப்போன எலும்பை நிமிர்த்த மருந்தும் கிடையாது. இல்லையென்றால் இல்லையென்று சொல்லட்டும். அதைக் கேட்கிற தைரியம் நம் ஜனங்களுக்கு உண்டு. ஆனால், "இதற்கு மேல் ஏறாமல் தடுக்கலாம், தண்ணீரை மாற்றுங்கள், பாலும் கீரையும் நெல்லிக்காயும் சேருங்கள்" என்பதை மறைத்தால், நோயாளி வெறுத்துப்போய் மந்திரிப்பவனிடம் போகின்றான். அவன் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுகின்றான். ஆள் ஏமாறுவது மந்திரத்துக்கல்ல, அந்த மரியாதைக்கே என்பது நமது அபிப்பிராயம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2008-ல் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் தாண்டி, ஜப்பான் கடனில், ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் 2013-ல் இந்த ஜில்லாக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் துவங்கியதும் இதே கிருஷ்ணகிரி ஜில்லாவில், சாமனப்பள்ளியில்தான். ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் பழைய போர்த் தண்ணீரைத்தானே குடம் நிரப்புகின்றார்கள்? வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கின்றவர்கள், அந்தக் குடத்தையும் ஒரு முறை ஏன் பார்க்கக் கூடாது?

ஆகவே நாள்பட்ட மூட்டுவலிக்காரர்கள் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, குடிக்கிற தண்ணீரை ஒரு புட்டியில் கையோடு எடுத்துப் போக வேண்டும். சிறுநீரில் புளோரைடு பார்க்கவும், முன்கையை எக்ஸ்ரே எடுக்கவும் கேட்க வேண்டும். இங்கே வசதி இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். உட்கார்ந்துகொண்டே கேட்கலாம்.