பழைய சட்டை வேண்டாம்; சரியான விலை கொடுங்கள்!

நம் பள்ளிகளில் 'தொண்டூழியம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் வழங்கி வருகிறது. பள்ளி விடுமுறைக்கு முன் பழைய துணிகளைத் திரட்ட வேண்டும். பெட்டிகளில் கட்ட வேண்டும். கம்போடியாவுக்கோ வேறோர் ஏழை நாட்டுக்கோ மாணவர்களை அழைத்துச் சென்று, அங்குள்ள பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசி, அவ்வூர்க் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அடுத்த வாரமே அப்படங்கள் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். பெற்றோரும் மகிழ்வர்.

இதை நான் வன்மையாக மறுக்கின்றேன். சாயம் பூசத் தெரிந்தவர் அவ்வூரில் ஒருவரும் இல்லையா? நம் பிள்ளைகள் பூசுவதைவிட அவர் செம்மையாகப் பூசுவார். அந்தக் கூலியில் அவர் வீட்டு உலை கொதிக்கும். ஒரு மாணவருக்கு 2,000 ரிங்கிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மாணவர்களுக்கு 40,000 ரிங்கிட். அதில் அவ்வூர்ச் சாயக்காரர் கைக்குப் போவது எவ்வளவு? ஒரு காசும் இல்லை! அவருடைய வேலையை நாம் இலவசமாகச் செய்து பறித்துக்கொண்டு வருகிறோம். அதற்கு நற்சான்றிதழும் வழங்குகிறோம்.

"அப்படியானால் வேறென்ன செய்வது?" என்று கேட்போருக்கு, அயல்நாடு சென்ற ஒரு கிறிஸ்துவத் தொண்டரை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். உடனே சிலருக்கு முகம் சுளிக்கும். "கிறிஸ்துவர் கடை திறந்தால் மதம் மாற்றத்தானே?" என்பார்கள். "சாமியாருக்கு எதற்கு வியாபாரம்?" என்பவர்களும் உளர். இரண்டுக்கும் விடை சொல்கிறேன். முதலில் செய்தியைக் கேளுங்கள்.

ஃபிரான்ஸ் வான் டெர் ஹொஃப் என்பவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் தொண்டு செய்தவர். 1973-இல் அங்கு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் மெக்சிகோவுக்குச் சென்றார். 1980-இல் ஒஹாக்கா மாநிலத்து மலைகளில், காப்பி பயிரிடும் பழங்குடி உழவர்களிடையே குடியேறினார். சோறு போடும் மடம் எதையும் அவர் அங்கே திறக்கவில்லை. தாமும் காப்பிச் செடி வளர்த்தார். அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

அந்தக் கணக்கில் வெளிப்பட்டது என்ன தெரியுமா? உழவர்கள் சோம்பேறிகள் அல்லர். காப்பியும் தரங்குறைந்தது அன்று. மலையிலிருந்து சந்தைக்கு மூட்டையை இறக்க வண்டியில்லை. ஆகவே இடைத்தரகன் சொன்னதே விலை, வைத்ததே எடை. அறுவடைக்கு முன்பே அவனிடம் கடன் வாங்கியிருப்பதால் வேறெவரிடமும் விற்க இயலாது. அத்தரகனை அவர்கள் 'கொயோத்தே' என்று அழைத்தார்கள். ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர் அது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கங்காணியையும் தோட்டக்கடைக் கடன் புத்தகத்தையும் அவர்கள் உடனே நினைவுகூர்வார்கள். காப்பியும் நமக்கு அயலானதன்று. ரப்பருக்கு முன் மலாயாவில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் அவற்றிலும் உழைத்தனர். 1890-களில் பிரேசிலில் விளைச்சல் பெருகி விலை சரிந்தபோது அத்தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. உலக விலை என்ற ஒன்று எங்கோ அசைந்தால் தொழிலாளியின் குடிசை இங்கே ஆடும் என்பதை நாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர்கள்.

ஒஹாக்கா உழவர்கள் 1983-இல் 'உசிரி' என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்பானிய மொழிப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. நம் காதுக்கு 'உசிரு' என்றே கேட்கிறது! தரகனைத் தவிர்த்துத் தாங்களே விற்றார்கள். தங்களுக்கென்று பேருந்து ஓட்டினார்கள். உழவர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். தரகர்கள் சும்மா இருப்பார்களா? அவ்வமைப்பைச் சேர்ந்த பலர் கொல்லப்பட்டனர். சுவருக்குச் சாயம் பூசுகிறவரை எவரும் கொல்ல வருவதில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர், நிக்கோ ரோசன் என்ற மற்றொரு டச்சுக்காரருடன் சேர்ந்து, 1988-இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற முத்திரையை வான் டெர் ஹொஃப் தொடங்கினார். டச்சு ஆட்சியில் ஜாவா மக்கள் பட்ட துயரத்தைப் பற்றி 1860-இல் வெளிவந்த புதினத்தின் பெயர் அது. இன்று நாம் அங்காடியில் காணும் 'நியாய வணிக' முத்திரைகளுக்கு அதுவே முன்னோடி. அதன் வேலை எளியது: சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் உழவருக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. 2001-இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு காப்பி 50 அமெரிக்கக் காசுக்கும் கீழே விழுந்தது. அப்போது நியாய வணிகக் குறைந்தபட்ச விலை 1 டாலர் 21 காசு; கூட்டுறவின் பொதுச் செலவுக்கு மேலும் 5 காசு. இத்திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல கூட்டுறவுகள் தம் விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் இவ்விலைக்கு விற்க முடிகிறது. ஆனாலும் எந்தப் பழைய துணிப் பெட்டி ஓர் உழவருக்கு இரட்டிப்பு விலை வாங்கிக் கொடுத்திருக்கிறது?

இப்போது மதமாற்றக் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒஹாக்காவில் அந்த ஐயத்துக்கே இடமில்லை. அவ்வுழவர்கள் ஏற்கெனவே கத்தோலிக்கர்கள்! எனினும் ஐயம் முழுவதும் பொய்யன்று. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்துவச் சபை 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நெசவாலைகளையும் நடத்தியது. மதம் மாறியதால் சாதித் தொழிலையும் நிலத்தையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதே நோக்கம். சோறும் சபையும் ஒரே கையில் இருந்தன. அதனினும் பெரிய குறை, தொழிற்சாலை தொழிலாளிக்கு உரியதாக இல்லாமல் சபையின் வணிகக் குழுமத்துக்கு உரியதாக இருந்தது. முதல் உலகப் போர் வந்தபோது, ஜெர்மானியர் தொடர்புடைய சொத்து என்று பிரிட்டிஷ் அரசு அவற்றைக் கைப்பற்றியது. பின்னர் அவை காமன்வெல்த் டிரஸ்டின் கைக்குப் போயின. தலைமுறையாய் ஓடு வார்த்தவரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. மங்களூர் ஓடு புகழ் பெற்றது உண்மை. பல்லாயிரம் கூரைகளைக் காத்ததும் உண்மை. ஆயினும், தொண்டர் போனபின் தொழில் யாருடையது என்று கேட்டால் ஒஹாக்காவுக்கும் மங்களூருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

ஆகவே, "அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தராசு யார் கையில்? கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம்? வேலைக்கு வர மதம் நிபந்தனையா?" என்று கேளுங்கள். கோயில் நடத்தும் தொண்டுக்கும் இதே கேள்விதான். மன்றங்கள் நடத்தும் தையல் வகுப்புகளுக்கும் இதே கேள்விதான். தையல் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தந்து படம் எடுத்தாயிற்று. தைத்த துணியை வாங்குவது யார் என்று எவரேனும் ஏற்பாடு செய்ததுண்டா?

சாமியாருக்கு எதற்கு வியாபாரம் என்போருக்கு ஒன்று மட்டும் சொல்வேன். ஏழையிடம் குறைந்த விலைக்கு வாங்கி, அந்த இலாபத்தில் அவருக்கே அன்னதானம் செய்வதைப் புண்ணியம் என்கிறோம். முதலிலேயே சரியான விலை கொடுப்பதை வியாபாரம் என்று இழிக்கிறோம்!

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது சாய வாளியை இங்கிருந்து தூக்கிச் செல்லாதீர்கள். அங்கேயே வாங்குங்கள், அவ்வூர்ச் சாயக்காரருக்கு முழுக் கூலி கொடுங்கள். நம் மாணவர்கள் அவருக்கு எடுபிடியாக நிற்கட்டும். திரும்பி வந்தபின், அவ்வூர்ப் பெண்கள் நெய்யும் துணியைப் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் விற்க வழியுண்டா என்று பாருங்கள். அடக்க விலை, போக்குவரத்து, இலாபம் எல்லாவற்றையும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணிதப் பாடத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பயணச் செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் அவ்வூர் மக்களுக்குக் கூலியாகச் சேரும் தொகை எவ்வளவு என்று எழுந்து நின்று கேளுங்கள்.