முழங்கால் ஊசி: மருந்து தங்குவது எத்தனை நாள்?



பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்த பிள்ளைகள், ஊரிலிருக்கும் வயதான தாய் தகப்பனை முழங்கால் வலியின் நிமித்தம் தங்களிடம் அழைத்துவந்து மருத்துவரிடம் காண்பிப்பதுண்டு. "மூட்டில் ஜெல் ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்ற ஆலோசனை அங்கே கிடைக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவாகும் இந்த ஊசி மருந்து மூட்டுக்குள் எத்தனை நாள் தங்கும்? பணத்தைக் கட்டுமுன் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஊசியில் இருப்பது ஹயலுரோனிக் அமிலம். 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். நமது மூட்டுகளிலுள்ள வழவழப்பான திரவத்திலும் இது இயற்கையாகவே உண்டு. மூட்டுத் தேய்மானத்தில் அத்திரவம் நீர்த்துப்போகிறது. அந்தக் குறையை வெளியிலிருந்து நிரப்பலாம் என்னும் எண்ணத்தில் உருவானதே இச்சிகிச்சை.

ஆனால் நிரப்பியது நிலைத்திருப்பதில்லை. மூட்டின் உட்சவ்வு வழியாக அது நிணநீர் நாளங்களுக்குச் சென்று, முடிவில் கல்லீரலில் சிதைக்கப்படுகிறது. சாதாரண வகை மருந்து சில நாட்களுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கிய வகைகள் சில வாரங்கள் தங்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ மூட்டுக்குள் தங்கியிருக்கும் ஜெல் என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்படியானால், "ஆறு மாதம் வலி குறைந்தது" என்று சிலர் சொல்வது எப்படி? மருந்து தங்கும் காலம் வேறு, நிவாரணத்தின் காலம் வேறு. வலி குறைகிறவர்களுக்கு அது சில வாரங்களில் தொடங்கி, ஏறக்குறைய 8-ஆம் வாரத்தில் உச்சமடைந்து, 6 மாதத்திற்குள் மங்கிவிடுகிறது. மருந்து மூட்டின் வீக்கத்தைத் தணிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆயினும் தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளர்வதாக நிரூபிக்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற 24 பெரிய ஆய்வுகளில் 8,997 பேர் பங்குபெற்றிருந்தனர். போலி ஊசி போட்டவர்களைவிட இம்மருந்தைப் பெற்றவர்களுக்கு, 100 புள்ளி கொண்ட வலி அளவில் ஏறக்குறைய 2 புள்ளியே கூடுதலாகக் குறைந்தது. இதை நோயாளி உணர்வதே அரிது. அதே 2022-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தேய்மானத்திற்கு இந்த ஊசியை வழங்க வேண்டாம் என்று வழிகாட்டியது.

ஆகையால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது? எத்தனை ஊசி, மொத்தச் செலவு என்ன? பயன் கிடைக்காவிட்டால் அடுத்த வழி என்ன? சில வகைகள் சேவலின் கொண்டையிலிருந்து தயாரிக்கப்படுகின்றன. ஆகவே கோழி, முட்டை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் ஓரிரு நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. உடல் எடை 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சற்றுநேரம் நிறுத்தும் பயிற்சி தொடைத் தசையைப் பலப்படுத்தும். வலியுள்ளவர்கள் முழங்காற்படியிடுவதற்குப் பதிலாக நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கலாம். அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

பெற்றோரின் வலி தீரவேண்டும் என்னும் பாசம் நல்லதே. அந்தப் பாசத்தினால் கடன் வாங்கி ஊசி போடுமுன், ஒரு மூன்று மாதமாவது பிசியோதெரபி நிபுணர் கற்றுத்தரும் பயிற்சியை அவர்கள் அன்றாடம் செய்ய நீங்கள் அருகிலிருந்து உதவுங்கள்.