கோடைப் பொழுதுபோக்கும் கூட்டுறவும்

சித்திரை பிறந்ததும் மதுரைச் சீமையில் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. அறுவடை முடிந்த வயல்கள் கோடை உழவுக்குக் காத்துக் கிடக்கின்றன. வறண்ட காற்றில் பாவு இழைகள் அடிக்கடி அறுந்து, தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் பொறுமையைச் சோதிக்கின்றன. இந்நாட்களில் குடும்பத்துடன் எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. ஓய்வும் உல்லாசமும் செல்வர்க்கு மட்டும் உரியவை அல்ல; ஆண்டு முழுவதும் உழைக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் அவை உரியவையே.

ஆனால், அந்த ஆசை எவ்வழியில் நிறைவேறுகிறது என்பதுதான் நம் கவலை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நகைக் கடன் பேரேட்டைப் புரட்டுகிறோம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘குடும்பச் செலவு’ என்றிருக்கும். விசாரித்தால், அச்செலவில் ஒரு பகுதி கொடைக்கானலுக்கோ உதகைக்கோ போய் வந்த செலவாக இருப்பதை அங்கத்தினர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். இருபதாயிரம் ரூபாயை நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கி ஓராண்டு கழித்து மீட்டால், வட்டி மட்டும் 2,400 ரூபாய். தறி நின்ற நாட்களின் கூலி இதில் சேரவில்லை. மூன்று நாள் குளிர்ச்சிக்குப் பன்னிரண்டு மாதம் மனம் வெதும்புவது தகுமா?

“தறிக்குழியே கதியென்று கிடப்பவன் மலையைப் பார்க்கவே கூடாதா?” என்று கேட்பாரும் உளர். அக்கேள்வி நியாயமானது. மலைக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாதந்தோறும் தொடர் வைப்பில் சிறிது சிறிதாகச் சேர்த்து, அப்பணத்தில் போய் வருக. கடன் வாங்கிப் போகவேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். மேலும், அம்மலைகளிலும் இன்று அமைதி எங்கே? நெரிசல் தாங்காமல், 2024 மே 7 முதல் அங்கு செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெறவேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது.

நிற்க. கோடையில் மகிழ்வதற்கு நம் முன்னோர் வேற்றூர் தேடவில்லை. மீனாட்சி திருக்கல்யாணமும், அழகர் ஆற்றில் இறங்கும் வைபவமும் அறுவடைக்குப் பிந்திய சித்திரையில் அமைந்திருப்பதைக் கருதுக. சுற்றுப்புறக் கிராமத்தார் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, வைகைக் கரையில் பொங்கியுண்டு திரும்பிய விழா அது. உழவரின் கோடை விடுமுறை என்றே அதனைச் சொல்லலாம்.

விழா முடிந்த பின்னும் பார்க்கவேண்டியவை பல. அவற்றுள் நம் தொழிலோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

அழகர்மலைச் சாரலில், கிடாரிப்பட்டிக்கு அருகே ஒரு குகைத்தளம் உளது. சமண முனிவர் தங்குவதற்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் அறுவை வணிகன். அதாவது துணி விற்பவன். மற்றொருவன் கொழு வணிகன். ஏருக்குக் கொழு விற்பவன். உப்பு விற்றவனும் அவர்களோடு இருக்கிறான். நெய்தவர் துணியும் உழவர் ஏரும் ஒரே பாறையில் இடம்பெற்ற இந்த இடத்தை நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மேலூர்ப் பக்கத்து மாங்குளம் மலையிலோ, ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று ஒரு வணிகக் குழுவின் பெயரே காணப்படுகிறது. பலர் கூடி ஒரு பெயரால் செயல்படும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று. இவ்விடங்களுக்கு ஏறிச் செல்லவேண்டும். ஆதலால், விடியற்காலையிலேயே புறப்படுவது நல்லது.

மதுரைக்குத் தென்கிழக்கே, சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துக் கீழடி இருக்கிறது. 2015இல் தொடங்கிய அகழாய்வில் நூல் நூற்ற தக்களிகளும் நெசவுக்குப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் கிடைத்தன. 2023 மார்ச்சு மாதம் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெரிய ஊர்களின் அருங்காட்சியகங்களில் அரசர்களின் வாளும் முடியும் வைக்கப்பட்டிருக்கும். இங்கேயோ தார் சுற்றும் தாய்மார் தம் பிள்ளைக்குக் காட்டி, “இது நம் தொழில்” என்று சொல்லக்கூடிய பொருள்கள் உள்ளன.

நகரத்துக்குள்ளேயே காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த இதனை 1959இல் நேரு திறந்து வைத்தார். அண்ணல் சுடப்பட்ட நாளில் உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி இங்கே பாதுகாக்கப்படுகிறது. அவர் நீண்ட உடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டி அணிந்ததும் இதே மதுரையில்தான். அது 1921 செப்டம்பர் 22ஆம் நாள். துணியையே ஒரு தேசத்தின் பேச்சாக்கிய நிகழ்ச்சி அது. அதனை நெசவாளர் குழந்தைகளே முதலில் அறிதல் வேண்டும்.

விவசாய அன்பர்களுக்கு மற்றொன்று சொல்வோம். பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்து நம் பக்கம் வருகிறது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. பேரணையில் பிரியும் கால்வாய்தான் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து வயல்களை நனைக்கிறது. தம் வயலுக்கு வரும் நீர் எங்கே தேங்கி எங்கே பிரிகிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்தவர், கடைமடைக்காரரின் முறையீட்டைச் சற்றுப் பொறுமையோடு கேட்பார் என்பது எம் நம்பிக்கை.

வெளியே செல்ல இயலாத உச்சி வேளைக்குப் புத்தகத்தை விடச் சிறந்த துணை இல்லை. சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் நம் மாநிலமே. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். ஆகவே, கிளை நூலகம் தருமமாகக் கிடைத்தது அன்று. நம் காசில் நடப்பது. கட்டணம் செலுத்திவிட்டுப் பண்டத்தை வாங்காமல் வருவாருண்டோ? 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரைக்கு ஒரு பெரும் பேறு. குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியும் அங்கே உண்டு. எதைப் படிப்பது என்று கேட்பவர்க்கு இரண்டு சொல்வோம்: கைத்தறியாளர் நூலின்றித் தவித்த காலத்தைச் சொல்லும் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953), மதுரை வரலாற்றை விரிக்கும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’.

திரைப்படத்தை வெறுத்து ஒதுக்குவது நம் நோக்கமன்று. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ படத்துடன் திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் இன்று இல்லையென்றாலும், அதன் பெயரைச் சொன்னால் மதுரை முதியோர் முகம் மலர்கிறது. இன்று நால்வர் கொண்ட குடும்பம் கொட்டகைக்குச் சென்றால் டிக்கெட்டைக் காட்டிலும் தீனிக்கு அதிகம் ஆகிறது. இச்செலவைச் சங்கக் கட்டடத்தில் தவிர்க்கலாம். உரிமையாளரிடம் முறைப்படி அனுமதி பெற்று, மாலையில் ஒரு நல்ல படம் காட்டலாம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளியைப் பற்றிய ‘காஞ்சிவரம்’ இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்து முதியவர் நல்லாண்டியையே நாயகராகக் கொண்ட ‘கடைசி விவசாயி’ (2022) இருக்கிறது. அப்படம் வெளிவருமுன்பே அவர் காலமானார். படமோ தேசிய விருது பெற்றது. நம் ஊர் மனிதரைத் திரையில் பார்த்துவிட்டு, அதுபற்றி நாமே திண்ணையில் பேசிக்கொள்வதில் தனி இன்பம் உண்டு.

இவையெல்லாம் சங்கத்தின் வேலையா என்று சிலர் ஐயுறலாம். 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்றதோடு அவர்கள் நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே படிப்பகம் வைத்தனர். பின்னர், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அவர்களைக் காட்டிலும் நாம் ஏழைகள் அல்ல.

ஆகவே, நிர்வாகக் குழுவினருக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, கோடைக்கென அங்கத்தினர்கள் மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கும் தொடர் வைப்பு ஒன்றைத் தை மாதத்துக்குள் தொடங்குக. இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு நாள் அனைவரும் சேர்ந்து பேருந்து அமர்த்தி அருகிலுள்ள இடமொன்றைக் கண்டு வருக. நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் இணைந்து சென்றால் செலவும் குறையும், நட்பும் வளரும். துணைவிதிகள் இடம் தருமாயின், பேரவையின் ஒப்புதலுடன் பொது நிதியிலிருந்து ஒரு பகுதியை ஏற்கலாம். இல்லையேல் பங்கிட்டுக் கொள்க. மூன்றாவது, அன்றைய உணவை மொத்தமாகச் சமைப்பிக்கவேண்டும். முன்னிரவெல்லாம் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி, அங்கும் பரிமாறி, வீடு திரும்பிப் பாத்திரம் துலக்கும் பெண்களுக்கு அது விடுமுறையாகாது.

அன்பர்களே! அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதியுங்கள். வருகிற கோடையிலேனும், உல்லாசத்தின் பொருட்டு நம் சகோதரி ஒருவரின் தாலிச் சங்கிலியும் சங்கத்துப் பெட்டகத்துக்கு வராதிருக்கட்டும்.