சட்டசபைத் தஸ்தாவேஜுகள்: காக்க வேண்டியவையும் கழிக்கத் தக்கவையும்

சட்டசபையின் பழைய தஸ்தாவேஜுகளைப் பற்றிக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நூல் விலை, கூலி, விளைபொருளுக்குக் கிடைக்கும் விலை, கடன் தவணை ஆகியவற்றைக் குறித்துச் சிந்திக்கவே பொழுது போதாதிருக்க, சபை அலுவலகத்தின் காகிதக் கட்டுகள் என்ன ஆனால் நமக்கென்ன என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் நம் சங்கங்கள் யாவும் சட்டத்தினால் உண்டானவை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. கடன் தவிர்ந்த பிற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க இடமளித்து, நெசவாளர் சங்கம் போன்றவற்றுக்கு வழி திறந்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் இன்று நம் சங்கங்களை ஆள்வது 1983-ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டத்தின் வாசகம் அச்சில் உள்ளது. வேண்டுவோர் வாங்கிப் படிக்கலாம். ஆனால் அவ்வாசகம் ஏன் அவ்வாறு அமைந்தது, எந்தத் திருத்தம் வந்து தோற்றது, எந்த உறுப்பினர் எப்பக்கம் வாக்களித்தார், எவ்வூர் மக்கள் என்ன மனுக் கொடுத்தனர் என்பனவற்றை அறியச் சபையின் தஸ்தாவேஜுகளைத்தான் நாட வேண்டும். அவற்றுள் எதை வைப்பது, எதைக் கழிப்பது, அதனை யார் தீர்மானிப்பது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பழங்காகிதத்தைக் கழிப்பது குற்றமாகாது. ஆனால் காப்பதைப் போன்றே கழிப்பதும் ஓர் அரசாங்கக் காரியம். அது விதிப்படியும், தீர்மானத்தின் பேரிலும், பட்டியல் எழுதியும் நடைபெற வேண்டும். இடம் தேவைப்பட்டவர் கையில் அதனை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது. இதற்கு ஆங்கிலேயர் நாட்டுச் சரித்திரத்திலிருந்தே தக்க சான்று காட்டலாம்.

கணக்குக் கோல்கள் மூட்டிய தீ

இங்கிலாந்தின் அரசாங்கக் கருவூலத்தில் பல நூற்றாண்டுகளாகப் பற்றுச்சீட்டுக்குப் பதில் மரக்கோல்கள் வழங்கி வந்தன. செலுத்திய தொகைக்கு ஏற்பக் கோலில் வெட்டுகள் இடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைப் பருமன், நூறு பவுனுக்குக் கட்டைவிரற் பருமன், இருபது பவுனுக்குச் சுண்டுவிரற் பருமன், ஒரு பவுனுக்கு வாற்கோதுமை மணியின் பருமன் என்பது அளவு. பின்னர்க் கோலை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைப் பணம் செலுத்தியவரிடம் கொடுத்து, மறுபாதியைக் கருவூலத்தில் வைத்துக்கொள்வார்கள். இரு பாதிகளையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நம் சங்கத்துப் பேரேட்டில் ஒரு பதிவும் அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் அதற்கு ஈடான பதிவும் இருப்பதை ஒத்தது இம்முறை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஏமாறாதபடி செய்த நல்ல ஏற்பாடு எனலாம்.

1826-ல் இம்முறை ஓய்ந்தது. கோல்கள் மட்டும் குவிந்து கிடந்தன. 1834-ஆம் ஆண்டில் அவை இருந்த அறை ஒரு நீதிமன்றத்தின் உபயோகத்திற்குத் தேவைப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வண்டி அளவான கோல்களைப் பிரபுக்கள் சபையின் கீழிருந்த உலைகளில் இட்டு எரித்துவிட ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் தேதி தொழிலாளர் இருவர் பகல் முழுதும் கோல்களை அள்ளி அள்ளி உலையில் இட்டனர். பிற்பகலில் சபா மண்டபத்தைப் பார்வையிட வந்தவர்கள் தரையின் சூட்டையும் புகையையும் கண்டு வியந்தனர். எனினும் எரிப்பது நிற்கவில்லை. மாலை ஆறு மணியளவில் தீ வெளிப்பட்டது. இரவுக்குள் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. விசாரணையில் சதி ஏதும் வெளிப்படவில்லை. அஜாக்கிரதையே காரணம் எனத் தெரிந்தது. அக்கோல்களை அண்டை அயலிலிருந்த ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தாலும் இக்கேடு நேர்ந்திராது என்று நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1855-ல் ஒரு சொற்பொழிவில் ஏளனம் செய்தார்.

இத்தீயில் இரு சபைகளின் தஸ்தாவேஜுகளும் வெவ்வேறு கதியடைந்தன. பிரபுக்கள் சபையின் பொறுப்பிலிருந்த மூலச் சட்டங்கள், சாலைக்கு அப்பால் தனித்து நின்ற நகைக் கோபுரம் என்னும் பழைய கற்கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஆதலால் 1497 முதலான சட்டங்களின் மூலப்பிரதிகள் இன்றும் உள்ளன. காமன்ஸ் சபையின் தஸ்தாவேஜுகள் சபைக் கட்டடத்திலேயே இருந்தன. 1547 முதலான நடவடிக்கைக் குறிப்பேடுகள் தப்பின. மற்றவை பெரும்பாலும் ஒழிந்தன. பொதுமக்களின் பிரதிநிதிகள் அமரும் சபையின் காகிதங்களே பொசுங்கின என்பதை நாம் கவனிக்க வேண்டும். புதிய அரண்மனை கட்டியபோது தஸ்தாவேஜுகளுக்கென்றே தீப்பிடியாத விக்டோரியா கோபுரத்தை எழுப்பினர். அது 1860-ல் முடிந்தது.

நெசவாளர் மனுக்கள்

தீப்பிடித்த அந்த 1834-ஆம் ஆண்டில்தான் காமன்ஸ் சபையின் தெரிவுக் குழு ஒன்று கைத்தறி நெசவாளர்களின் மனுக்களை விசாரித்துக்கொண்டிருந்தது. விசைத்தறியின் போட்டியால் கூலி வீழ்ந்து, குடும்பத்தோடு உழைத்தும் வயிறு நிரம்பாத நிலையில், போல்ட்டன், பெயிஸ்லி, கிளாஸ்கோ முதலிய ஊர்களின் நெசவாளர் முறையிட்டிருந்தனர். தறிகாரர்களே சாட்சி சொல்ல வந்தனர். என்ன கூலி கிடைத்தது, அதில் வாடகைக்கும் பாவுக்கும் போக என்ன மிஞ்சியது, என்ன உண்டனர் என்று அவர்கள் கூறியவை கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டு 1834, 1835 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளில் அச்சாயின. கூலியை ஒழுங்குபடுத்த அவர்கள் வேண்டிய சட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல் நிலைத்தது. அச்சாகிப் பல இடங்களுக்குப் பரவியதால், ஒரு கட்டடம் எரிந்ததால் அது அழியவில்லை. இங்கிலாந்துத் தொழிலாளர் வரலாற்றை 1963-ல் எழுதிய இ. பி. தாம்ஸன் நெசவாளர் நிலையை விவரிக்க இச்சாட்சியங்களையும் ஆதாரமாகக் கொண்டார்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டு இயக்கத்தார் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் பெரிய மனுக்களைக் காமன்ஸ் சபையில் சமர்ப்பித்தனர். 1842-ஆம் ஆண்டு மனுவில் 33 லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. கையொப்பமிட்டோருள் கைத்தறி நெசவாளரும் பலர். இம்மூன்றில் ஒன்றன் மூலப்பிரதியேனும் இன்று இல்லை. தீ அவற்றைத் தொடவில்லை, அவை பிற்காலத்தவை. பெற்றுக்கொண்ட அலுவலகம் அவற்றை வைத்துக் காக்கவில்லை, அவ்வளவே. யார் யார் எவ்வூரிலிருந்து கையொப்பமிட்டனர் என்பதை அறிய இனி வழியில்லை.

நம் நாட்டு நெசவுக்கும் இவ்வகைத் தஸ்தாவேஜுகள் சான்று பகர்கின்றன. 1840-ல் பார்லிமெண்டின் தெரிவுக் குழு கிழக்கிந்தியப் பொருள்களைப் பற்றி விசாரணை நடத்தியது. இங்கிலாந்தின் பருத்தித் துணிக்கு இந்தியாவில் நூற்றுக்கு மூன்றரை வீதமும், இந்தியப் பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் நூற்றுக்குப் பத்து வீதமும் சுங்கவரி விதிக்கப்பட்ட செய்தி அவ்விசாரணைப் பதிவில் உள்ளது. ரொமேஷ் சந்திர தத்தர் 1902-ல் இந்தியப் பொருளாதார வரலாற்றை எழுதியபோது இத்தகைய பார்லிமெண்டுப் பதிவுகளையே எடுத்துக் காட்டினார். ஆண்டவர்களின் காகிதமே ஆண்டவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. யாரேனும் பயனற்றது என்று அன்று அதனைக் கழித்திருந்தால், நம் தறி எவ்வாறு நலிந்தது என்று கூறும் வாதம் வெறும் புலம்பலாகக் கருதப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் வைக்கலாமா?

இவற்றைக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தையும் விடாமல் காத்தல் வேண்டும் என்று கருதுவதும் தவறு. எல்லாவற்றையும் குவித்து வைத்தால் வேண்டியது வேண்டிய பொழுதில் அகப்படாது. கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் குவியல் காப்பாற்றப்பட்டதாகாது. கூட்ட அறிவிப்புகளின் மிகுதிப் பிரதிகள், எழுதுபொருள் கோரிய சீட்டுகள், தணிக்கை முடிந்த சில்லறைச் செலவு வவுச்சர்கள், மூலம் கைவசமுள்ள நகல்கள் ஆகியவற்றைக் குறித்த காலத்துக்குப் பின் கழிப்பதே முறை.

ஆனால் மூல மசோதாக்கள், அவற்றுக்கு வந்த திருத்தங்கள், வாக்குப் பதிவுகள், சபையின் மேஜைமீது வைக்கப்பட்ட காகிதங்கள், குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகள், சாட்சியங்கள், பொதுமக்களின் மனுக்கள் ஆகியவை என்றைக்கும் இருக்க வேண்டியவை. சபை விவாதம் அச்சாகிறதே, அது போதாதா என்பர் சிலர். உறுப்பினர்கள் பேசியது விவாதத் தொகுதியில் இருக்கும். மக்கள் சபைக்குக் கூறியது மனுவிலும் சாட்சியத்திலுமே இருக்கும். நம்மைப் போன்றோரின் குரல் ஒலிக்கும் இடம் அதுவே. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் மனுக்கள் குழு என்று ஒரு குழு உண்டு. அதற்கு ஒரு நெசவாளர் கிராமம் எழுதிக் கொடுக்கும் மனுவைச் சில்லறை வவுச்சரோடு ஒன்றாக எண்ணலாகாது.

மனுக்களில் தனிப்பட்டவர்களின் கடன், நோய், குடும்ப வழக்கு முதலியன இருக்குமே; அவற்றை நெடுநாள் வைப்பது தகுமா என்பது நியாயமான ஆட்சேபமே. இதற்கு அமெரிக்க நாட்டார் நல்ல வழி கண்டுள்ளனர். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் காங்கிரசின் குழுத் தஸ்தாவேஜுகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்கின்றன. பிரதிநிதிகள் சபையின் தஸ்தாவேஜுகளைப் பொதுவாக 30 ஆண்டுகளுக்குப் பின்னரும், தனிமனிதர் அந்தரங்கம் அடங்கிய விசாரணைக் காகிதங்களை 50 ஆண்டுகளுக்குப் பின்னரும் பொதுமக்கள் பார்க்கலாம். செனட் சபையின் பொதுத் தஸ்தாவேஜுகளுக்கு 20 ஆண்டுக் கெடு. அந்தரங்கம் காப்பதற்குப் பூட்டு போதும், நெருப்பு வேண்டியதில்லை. அடிமை முறையை ஒழிக்கக் கோரிய மனுக்களை 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபை விவாதிக்கவே மறுத்தது. ஆயினும் அம்மனுக்களுள் பல அக்காப்பகத்தில் இன்றும் உள்ளன. கேட்க மறுத்த சபையை எதிர்த்து அவை இன்றளவும் பேசுகின்றன.

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டில் பொது ஆவணங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1892-க்கு முற்பட்ட ஆவணத்தை, எவ்வகையிலும் பயன்படாதவாறு சிதைந்திருந்தாலன்றி, அழிக்கலாகாது என்று அது விதிக்கிறது. விதிக்கு மாறாக ஆவணத்தை அழித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனினும் அச்சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், அவற்றைச் சார்ந்த ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே உரியது. மாநிலச் சட்டசபைகள் அதன் எல்லைக்குள் வாரா. அரசியலமைப்பின் 208-ஆவது ஷரத்துப்படி மாநிலச் சபை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே இவ்விஷயத்தில் பொறுப்பும் அச்சபையையே சார்ந்தது.

காகிதம் ஒழிந்து கணிப்பொறி வந்துவிட்டதே, இனி இக்கவலை எதற்கு என்றும் கேட்கலாம். இமாசலப் பிரதேசச் சட்டசபை 2014-லேயே காகிதமின்றி நடக்கத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அவ்வழியில் செல்கின்றன. இது நல்லதே. ஆனால் காகிதத்தை அழிக்க வண்டியும் உலையும் ஆளும் வேண்டும், புகையும் எழும். கணிப்பொறிப் பதிவை அழிக்க ஒரு விரல் போதும், அருகிலிருப்பவருக்கும் தெரியாது. யாரும் அழிக்காவிட்டாலும், பழைய கருவி மறைந்தபின் அதிற் பதிந்ததைப் படிக்க இயலாமற் போகும். ஆதலின் விதியும் பட்டியலும் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

நாம் கோர வேண்டியவை

எந்தத் தஸ்தாவேஜு எத்தனை ஆண்டு இருக்கும் என்னும் அட்டவணையைச் சபையே தீர்மானமாக நிறைவேற்றி, பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். மனுக்களும் சாட்சியங்களும் நிரந்தரப் பகுதியில் சேர வேண்டும். கழிப்பதை முடிவு செய்யும் குழுவில் ஆளுங்கட்சியாரோடு எதிர்க்கட்சியாரும் ஆவணக் காப்பகத்தாரும் இருத்தல் வேண்டும். வழக்கோ விசாரணையோ நிலுவையிலுள்ள பொருளைப் பற்றிய காகிதத்தைத் தொடலாகாது. கழித்தவற்றின் பட்டியலை மட்டும் எக்காலத்தும் கழிக்கலாகாது. முக்கியமானவற்றின் இரண்டாம் பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். நகைக் கோபுரம் கற்பித்த பாடம் இது. நம் பிரதிநிதிகள் தொகுதிக்கு வரும்போது சாலை, குடிநீர் ஆகியவற்றோடு இதனையும் கேட்பது நம் கடமை.

பிறரிடம் கேட்பதை நம் வீட்டிலும் செய்ய வேண்டும். சங்கங்களைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் நான் கண்டவரை, பழைய தஸ்தாவேஜுகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அழிவதில்லை. கட்டடம் மாறும்போதும், வெள்ளையடிக்கும்போதும், புது அலமாரி வரும்போதும் கட்டுகள் எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றோடு தீர்மானப் புத்தகமும் அங்கத்தினர் பதிவேடும் போனபின், முப்பது ஆண்டுக்கு முன் பங்குத்தொகை கட்டிய ஒருவரின் வாரிசு வந்து கேட்டால், இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நிர்வாகக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, எவை நிரந்தரம், எவை தணிக்கைக்குப் பின் கழிக்கத் தக்கவை என்று பிரித்து, இலாகா விதிகளை அனுசரித்துத் தீர்மானம் எழுதி, பட்டியலைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி வைப்பார்களாக. அதற்கு ஒரு பகற்பொழுதும் ஒரு நல்ல பூட்டும் போதும்.