அந்த ஒரு வரி

எங்க பெரியப்பா பேரன் சொந்தமா டிராக்டர் வச்சிருக்கான். போன வருஷம் ஒரு ராத்திரி டிரெய்லர் மாட்டிக்கிட்டுப் போனவன் திரும்பி வரல. ஏரியில மண்ணு திருடினதா கேஸ். விடிகாலைல போன் வந்தப்போ நான் கீரைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேன். மண்வெட்டியை வரப்புலயே போட்டுட்டு ஓடினேன்.

"சித்தப்பா, வாடகைக்குக் கூப்பிட்டாங்க, போனேன். பர்மிட் இருக்குன்னாங்க. இல்லன்னு எனக்குத் தெரியாது. அதோட நம்ம ஏரி மண்ணுக்கு எதுக்குப் பர்மிட்னும் எனக்குத் தெரியாது."

வக்கீலம்மா இதைக் கேட்டுட்டு, அவன் சொன்னது ரெண்டு தனித்தனி 'தெரியாது'ன்னாங்க. ரெண்டாவது கோர்ட்ல செல்லாது. சட்டம் தெரியாதுங்கறது ஒரு காரணமே இல்ல. முதல் 'தெரியாது'க்குத்தான் மதிப்பு. நடந்த விஷயத்தை நல்லெண்ணத்தோட தப்பா நம்பிச் செஞ்சவனுக்கு பழைய தண்டனைச் சட்டத்துல 76, 79ஆம் பிரிவுகள் இருந்துச்சு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்துல அதுவே 14, 17. திருட்டுன்னு ஆகணும்னா கை செஞ்சது மட்டும் போதாது, நேர்மையில்லாத எண்ணமும் இருக்கணுமாம். மாத்தி மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன் எல்லாம் மாடு திருடன் இல்லன்னு எங்க தாத்தா பஞ்சாயத்துல சொல்லுவாரு. அதேதான்.

இதைக் கேட்டதும் எனக்கு பூந்தமல்லி கோர்ட் ஞாபகம் வந்துடுச்சு. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தியும், அவரோட பாதுகாப்புக்கு நின்ன போலீஸ்காரங்க உட்பட பல பேரும் செத்துப்போனாங்க. அந்தக் குடும்பங்களோட வலி சின்னதில்ல. அந்த வழக்கு எங்க பூந்தமல்லி தடா கோர்ட்லதான், கதவைச் சாத்திக்கிட்டு நடந்துச்சு. 1998 ஜனவரி 28 அன்னிக்கு 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அதுல 19 பேரைக் கொலைச் சதியில இருந்து விடுவிச்சுடுச்சு. நாலு பேருக்குத் தூக்கு, மூணு பேருக்கு ஆயுள்.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் பேரறிவாளன். பிடிபட்டப்போ 19 வயசு. எனக்கும் அப்போ ஏறக்குறைய அதே வயசுதான். அவர் மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கி சிவராசன் கிட்ட கொடுத்தார்ங்கறது. அது மட்டும் இல்ல, வேற சாட்சியங்களையும் கோர்ட் எடுத்துக்கிட்டது. ஆனா பேட்டரி வாங்கினது கை செஞ்ச வேலை. எதுக்குன்னு தெரிஞ்சு வாங்கினாரா? கேள்வி அங்கதான் இருக்கு. நான்கூட பெட்டிக்கடையில எத்தனை பேருக்கு ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்திருக்கேன்.

2013ல என்ன ஆச்சு? அவரோட வாக்குமூலத்தை எழுதின சிபிஐ அதிகாரி தியாகராஜன், ரிட்டயர் ஆன பிறகு வாயைத் திறந்தாரு. பேட்டரி எதுக்குன்னு தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னாரு, அதை நான் எழுதாம விட்டுட்டேன்னாரு. ஒரு வரி. அதை எடுத்துட்டா 'வாங்கினேன்'ங்கறது குற்ற ஒப்புதல். அதைச் சேர்த்தா அவரு வெறும் பேட்டரி வாங்கின பையன்.

சாதாரண கேஸ்ல போலீஸ்கிட்ட சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்ல சாட்சியமா செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்துல இருந்தே அப்படித்தான், 25ஆம் பிரிவு. தடாதான் எஸ்.பி. எழுதினா செல்லும்னு மாத்துச்சு. உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே இல்லன்னு சொன்ன பிறகும் அந்த வாக்குமூலத்தை ஏத்துக்கிட்டதுதான் எனக்கு இன்னிக்கும் புரியல. 1995ல தடா காலாவதி ஆயிடுச்சு. ஆனா மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத்ல அதே மாதிரி விதி வேற பேர்ல இருக்கு. எழுதறவன் கையில ஒருத்தன் மனசைக் கொடுக்கற சட்டம் எந்தப் பேர்ல வந்தாலும் வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

2014ல தூக்கு ஆயுளாச்சு. 2022 மே 18 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் தன்னோட சிறப்பு அதிகாரத்துல அவரை விடுதலை பண்ணுச்சு. நிரபராதின்னு சொல்லல, அதையும் ஒத்துக்கணும். ஆனா அவங்க அம்மா அற்புதம்மாள் 31 வருஷம் ஜெயில் வாசலுக்கும் கோர்ட் வாசலுக்கும் அலைஞ்சாங்க.

அதுக்காக 'தெரியாது'ன்னு சொன்னவனை எல்லாம் விட்டுடணும்னு நான் சொல்லல. எங்க பையன் விஷயத்தையே எடுத்துக்குங்க. ராத்திரி 11 மணிக்கு எவன் நேர்மையா மண்ணு அள்றான்? வாடகை ரெண்டு மடங்கு, லைட் போடாதேன்னு வேற சொல்லியிருக்கான். வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும், மீதியைத் தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்திருப்பான். அப்படித்தான் எனக்குப் படுது. ஆனா அதை அவன் வாயால ஜட்ஜ் கேட்டு முடிவு பண்ணட்டும். ஸ்டேஷன்ல எழுதி வச்ச காகிதத்துல 'பர்மிட் இருக்குன்னாங்க'ங்கற வார்த்தையே இல்ல. படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கான் மடையன். நல்ல வேளை, அந்தக் காகிதம் கோர்ட்ல அவனுக்கு எதிரா நிக்காதாம்.

டிராக்டர் இன்னும் வரல. டிரெய்லர்ல மழைத் தண்ணி நின்னு துரு ஏறுது. அடுத்த வாய்தா தை பிறந்த பிறகு. அறுப்பு நேரம், ஆள் கிடைக்காது. இருந்தாலும் நானும் கூடப் போறேன்.