ஆளுக்கேற்ற ஆசனம்

நோய்க்கு ஒருவர், தேகப்பயிற்சிக்கு ஒருவர், ஞானத்துக்கு ஒருவர் என்று நாம் மூவரைத் தேடி ஓடுகிறோம். நூறாண்டு வாழ்ந்து 1989-ல் மறைந்த யோகாசாரியர் கிருஷ்ணமாச்சாரியாரோ அம்மூன்றையும் ஒன்றாகவே கற்பித்தார். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் இளம்பிள்ளைகளைத் துள்ளிப் பாய்ந்து ஆசனம் போடச் செய்தவர் அவரே. 1952-க்குப் பின் சென்னையில் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் மெல்லிய அசைவுகளும் அளித்தவரும் அவரே. அவரவர் வயது, தேகபலம், தெய்வ நம்பிக்கை ஆகியவற்றை அறிந்தே பயிற்சி வகுத்தார். 1976-ல் அவர் குமாரர் தேசிகாச்சார் சென்னையில் நிறுவிய யோக மந்திரமும் இவ்வழியையே பின்பற்றியது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும், பந்தாடும் பையனுக்கும், மூட்டு நோவால் வருந்தும் பாட்டிக்கும் ஒரே படத்தைக் காட்டி, "இதைச் செய்" என்பது பெருந்தவறு. கற்பிப்போர் முதலில் ஆளைப் பார்க்கட்டும். ஆசனத்தைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.