பிடுங்குவதற்கு முன் ஒரு கணக்கு

2019 ஜூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயசுப் பையனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையிலிருந்து டி.வி. வரை அதே பேச்சு. 'ஐந்நூத்தி இருபத்தாறா!' என்று வாயைப் பிளந்தோம். பிளந்த வாயில் நம் பல் எத்தனை என்று யாராவது எண்ணினோமா?

பையனுக்கு மூணு வயசிலேயே தாடை வீங்க ஆரம்பித்திருந்தது. 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயசுப் பையனிடம் 232 பல் எடுத்தபோதும் கூட்டம் கூடியது. நூற்றுக்கணக்கில் பல் முளைத்தால் நமக்கு அதிசயம். வரவேண்டிய ஒரே ஒரு பல் வராமல் தாடைக்குள் படுத்துக்கிடந்தால் மட்டும் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், 'பிடுங்கிப் போடுங்க சார், தொல்லை விட்டுது!'

கீழ்க்கட்டளைக்கு வந்து மேடவாக்கம் மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். மருந்துக் கடைக்குப் போட்டியாகப் பல் கிளினிக் போர்டுகள். 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்', 'இம்ப்ளான்ட் செய்யப்படும்', 'தவணை வசதி உண்டு'. 'உங்கள் பல்லையே எடுத்து உங்களுக்கே நடுவோம்' என்று ஒரு போர்டு பார்த்தீர்களானால் எனக்கு எழுதுங்கள்.

அப்படியும் ஒன்று உண்டா? உண்டு. வெளிநாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாகவே உண்டு.

நான் பி.காம். படித்தவன். பல் வைத்தியம் தெரியாது, கணக்கு தெரியும். ஒரு கணக்கு போடுவோம். ஆறு வயசில் எல்லாப் பால்பல்லுக்கும் பின்னால், எதுவும் விழாமலே, சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். 'அது பால்பல்தான், விழுந்து முளைக்கும்' என்று நாம் விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்கிற பல்லே இல்லை, சாகிறவரைக்கும் உழைக்க வந்த நிரந்தரப் பல். சொத்தையாகி, பதினேழு வயசில் பிடுங்கப்படுகிறது. முதல் நஷ்டம்.

அதே வயசில், அதே தாடையின் கடைசியில் ஞானப்பல் மண்ணுக்குள் விதை மாதிரி கிடக்கிறது. எக்ஸ்ரேயில் கோணலாகத் தெரிகிறது. வருங்காலத்தில் தொல்லை கொடுக்கலாம் என்று அதையும் எடுத்துக் குப்பையில் போடுகிறோம். இரண்டாவது நஷ்டம். பிறகு முதல் பள்ளத்தில் டைட்டானியம் திருகாணி ஒன்றைத் தவணையில் வாங்கி இறக்குகிறோம். ஓடுகிற நிலையில் இருக்கும் சொந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கடனில் புது மெஷின் வாங்குகிறவனை எந்த ஆடிட்டராவது சும்மா விடுவாரா?

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் இது. இங்கே நடவு நட்ட பாட்டியைக் கேட்டால் பல் நடுவதை நமக்கு வகுப்பே எடுப்பார். நாற்றுக்கு வயசு பார்க்க வேண்டும். வேர் அறாமல் பறிக்க வேண்டும். வேர் காய்வதற்குள் நட வேண்டும். ஞானப்பல்லுக்கும் அதேதான். வேர் பாதிக்கு மேல், முக்கால் வரை வளர்ந்திருக்கும்போது எடுத்தால் நல்ல பருவம். நுனி இன்னும் மூடாததால் ரத்த ஓட்டம் மறுபடி உள்ளே நுழைய வாய்ப்புண்டு. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள உயிரணுக்கள் பிழைத்தால்தான் பல் எலும்போடு சரியாகச் சேரும். எனவே வாய்க்கு வெளியே பல் இருக்கிற நேரத்தை நிமிஷக் கணக்கில் குறைக்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, அந்தப் பல்லின் அச்சு அசல் மாதிரியை முப்பரிமாண பிரிண்டரில் செய்து, பள்ளத்தை முதலில் மாதிரிக்குத் தக்கபடி சீவி வைத்துக்கொண்டு, கடைசியில்தான் நிஜப் பல்லைத் தொடுகிறார்கள். ஓரிரு வாரம் பக்கத்துப் பல்லோடு லேசாகக் கட்டி வைப்பார்கள். வேர் முழுசாக முடிந்த பல் என்றால் பின்னாலேயே வேர் சிகிச்சையும் செய்ய வேண்டும்.

டென்மார்க்கில் ஆண்ட்ரீசன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இப்படி இடம் மாற்றிய 370 முன்கடைவாய்ப் பற்களை வருஷக்கணக்கில் கவனித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் நிலைத்திருந்தன. இன்னொன்று. பதினேழு வயசுத் தாடை இன்னும் வளர்கிற தாடை. நட்ட பல் அதோடு சேர்ந்து நகரும். திருகாணி நகராது. அதனால் வளர்ச்சி முடிகிறவரை இம்ப்ளான்ட் வைக்கக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

எல்லா வாயிலும் இது நடக்காது. பல் பெரிதாக இருந்து பள்ளம் சிறிதாக இருக்கலாம். வேர் எலும்போடு ஒட்டிப்போகலாம், கரைந்தும் போகலாம். கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதற்காக முடியுமா என்று பார்க்காமலேயே குப்பையில் போடுவதா? என் கோபம் அங்கேதான்.

ஏன் பார்ப்பதில்லை? டைட்டானியத்துக்குக் கம்பெனி இருக்கிறது. கம்பெனிக்கு ரெப் இருக்கிறார். ரெப்புக்கு டார்கெட் இருக்கிறது. உங்கள் ஞானப்பல்லுக்கு எந்தக் கம்பெனி ரெப் பை தூக்கிக்கொண்டு வருவார்? விற்க ஒன்றுமில்லாத வைத்தியத்துக்கு விளம்பரமும் இல்லை. டாக்டரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அரை மணியில் வேலை முடியணும், மறுபடி வரச் சொல்லக் கூடாது என்று நாற்காலியில் உட்காரும்போதே நிபந்தனை போடுகிறவர்கள் நாம்தானே?

(பல் நடவுக்குக் கெட்ட பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைப் பிள்ளைகளின் பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிச் சீமாட்டிகளின் வாயில் நட்டார்கள். நிலைக்கவில்லை, நோய்தான் தொற்றியது. 1787-இல் ரோலண்ட்சன் என்ற ஓவியர் அதைக் கிண்டலடித்து ஒரு படமே வரைந்தார். அது அடுத்தவன் பல். இது நம்முடையது.)

நடுவதற்கு இடமே இல்லையா? அப்போதும் ஞானப்பல்லை உடனே எடுத்தாக வேண்டும் என்று சட்டமில்லை. நோய் எதுவும் இல்லாத, புதைந்த ஞானப்பல்லை முன்ஜாக்கிரதைக்காகப் பிடுங்குவதை நிறுத்துங்கள் என்று 2000-இலேயே பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லிவிட்டது. கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு ஒட்டியே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு மரத்துப்போகலாம். அடிக்கடி வீங்கி வலித்தால், சொத்தை வந்தால், நீர்க்கட்டி இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி, 'இப்போது என்ன நோய் என்று எடுக்கிறீர்கள்? வேறு பள்ளத்துக்கு இது உதவுமா?' என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையா, பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

இதையெல்லாம்விட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது. மேல் வரிசைக் கோரைப்பல். நாம் செல்லமாகச் சிங்கப்பல் என்போமே, அதுதான். ஞானப்பல்லுக்கு அடுத்தபடி அதிகமாக வழி தவறிப் புதைவது இது. ஸ்வீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் இப்படி அண்ணப் பக்கம் வழி தவறிய 46 கோரைப்பற்களுக்கு, வழியை மறித்த பால்பல்லை மட்டும் காலத்தில் எடுத்தார்கள். 36 பற்கள் சரியான பாதைக்குத் திரும்பின. 1988-இல் வெளியிட்டார்கள். நட்டு போல்ட்டு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பத்திலிருந்து பதிமூன்று வயசுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் பத்து வயசுப் பிள்ளை இருக்கிறதா? இன்று ராத்திரி பல் தேய்க்கிறபோது மேல் ஈறை வெளிப்பக்கம், பால் கோரைப்பல்லுக்கு மேலே, விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேடு தட்ட வேண்டும். ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் தட்டவில்லை என்றால், அடுத்த பரீட்சை லீவு வரை தள்ளிப்போடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.